துடைத்த வானம்

அத்தியாயம் 11

போன வாரம் ரஸ்ஸலின் பட்டறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாளே மார்லா, அந்தக் கதவு இன்னும் சரியாக மூடவில்லை. கீல் ஒன்று தெறித்துவிட்டது. அதைச் சரிசெய்ய ரஸ்ஸலுக்கு நேரமில்லை. தங்கையைச் சரிக்கட்டவே நேரம் போதவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு துண்டு வானம்.

தங்கள் மத நம்பிக்கைக்காக நாடு விட்டு வந்தவர்கள் குடியேறிய லுகோவோ பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள முகடுகளில் காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கேமராக்கள் நிற்கின்றன. வெயிலில் மின்சாரம் எடுத்து, சின்ன ரேடியோ வழியாகப் படம் அனுப்புகிற ஏழைக் கேமராக்கள். நடுவில் மலை, மரம், இடி, மின்னல். படம் கீழே வந்து சேரும்போது செல்லரித்த துணி மாதிரி பாதி இருக்கும், பாதி இருக்காது. அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் செர்னாஃப் வீட்டு அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு செயற்கை அறிவை வளர்த்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய அது, வராமல் போன இடங்களில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துத் தானே வரைந்து, பளிச்சென்று முழுப் படமாகக் கொடுத்துவிடும். ரஸ்ஸல் அதற்குச் சித்திரக்காரன் என்று பெயர் வைத்தான்.

போன வாரம் கோதுமை மேட்டுச் சோதனைக் கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தில் ஒரு சாம்பல் தீற்றல் இருந்தது. சித்திரக்காரன் கொடுத்த படத்தில் அந்த இடம் நீல வானமாக இருந்தது. "வெறும் ரேடியோ இரைச்சல்" என்றான் ரஸ்ஸல். "புகையா இருந்தா?" என்றாள் மார்லா. கதவு அறைபட்டது அதற்குப் பிறகுதான்.

இன்று வியாழக்கிழமை. மாவட்டத் தீயணைப்புத் தலைவர் ஸ்லேட்டர் நண்பகலில் ஊர் மன்றத்துக்கு வருகிறார். சித்திரக்காரன் அவருக்குப் பிடித்துப்போனால், மாவட்டத்தின் எல்லா முகடுகளுக்கும் அதுதான் கண். ரஸ்ஸல் புதுச் சட்டை போட்டிருந்தான். மார்லா போன வாரத்துக் கோபத்தையே போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல, ரஸ்ஸல்."

"காலை வணக்கம். என்ன இல்ல?"

"புகை. சித்திரக்காரன் பார்த்துப் பழகின படம் மொத்தத்தையும் புரட்டிட்டேன். வருஷா வருஷம் ஆகஸ்ட்ல இந்த ஊர்ல நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நடக்கிறோம். ஒரு படத்துலகூட அந்தப் புகை இல்ல. எங்கே போச்சு?"

ரஸ்ஸல் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே சுருட்டிய ஒயர்தான் அது.

"சாயங்காலம் பேசலாம்."

"இப்பப் பேசு."

"மார்லா, இன்னைக்கு ஒரு நாள் நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்குக் கோயிலே கட்டறேன்."

"நம்ம ஜனங்க கோயில் கட்டறதே இல்ல. ஏமாத்தாம பதில் சொல்லு. புகையை எடுத்தது யாரு?"

"அம்மா" என்றான் ரஸ்ஸல்.

மார்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"சிரிக்காதே. போன குளிர்காலத்துல படத்தைப் பிரிச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கல. அம்மா சும்மாதானே இருந்தா. கம்ப்யூட்டரைச் சமையல்கட்டு மேஜையில வெச்சு, மங்கலா இருக்கறது, கெட்டுப்போனது எல்லாத்தையும் எடுத்துடுன்னு சொன்னேன். எடுத்துட்டா. புகை மூடின படமெல்லாம் அவ கண்ணுக்குக் கெட்ட படம்."

"நீ ஒரு தடவை பார்த்திருக்கலாமே?"

"அம்மா பொறுக்கின உருளைக்கிழங்கை யாராவது மறுபடி பொறுக்குவாங்களா?" ரஸ்ஸல் ஒயரைத் தூக்கிப் போட்டான். "இப்பத் தெரிஞ்சுருச்சுல்ல? போ. மன்றத்துல ஊர் முன்னாடி எழுந்து நின்னு சொல்லு. பாட்டுக்குழுத் தலைவி லூஷா செர்னாஃப்தான் புகையைக் குப்பையில போட்டான்னு சொல்லி, பெத்தவ முகத்துல கரியைப் பூசு. அப்புறம் நம்மகிட்ட வேலை பார்க்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய், நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு நீயே சொல்லிடு."

அடி சரியான இடத்தில் விழுந்தது. மார்லாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அண்ணனை எதிர்க்க அவள் தயார், ஊரை எதிர்க்கவும் தயார். அம்மாவைக் கூண்டில் ஏற்றத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் சும்மா இருந்தால், எந்த முகட்டில் புகை எழுந்தாலும் சித்திரக்காரன் அதைத் துடைத்துவிட்டு நீல வானத்தைத் தீட்டிக்கொண்டிருப்பான். நெருப்பில்லாமல் புகையாது என்பது எல்லோருக்கும் தெரியும். புகையையே மறைத்துவிட்டால் நெருப்பை யார் தேடப் போகிறார்கள்?

சமையல்கட்டில் பெரிய பானையில் போர்ஷ் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸும் வெண்ணெயும் சதகுப்பைக் கீரையும் சேர்ந்த மணம் வாசல் வரை வந்தது. விருந்தாளிகளுக்காக லூஷா விடியலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அறுபத்தெட்டு வயதிலும் அந்தப் பானையைத் தூக்க யாரையும் விடமாட்டாள்.

"கோபத்தை வெளியே கழட்டி வெச்சுட்டு வா. பாலாடை திரிஞ்சுடும்" என்றாள் அம்மா.

"அம்மா, குளிர்காலத்துல படம் பிரிச்சியாமே?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ரஸ்ஸல் சொன்னானா? கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு. ஆனா ஒரு கெட்ட படத்தை விடலையே நான். அழுக்கா, மங்கலா, மலையே தெரியாம எத்தனை இருந்துச்சு தெரியுமா? எல்லாத்தையும் தூக்கி வீசினேன். நம்ம ஊரைப் பார்த்துப் படிக்கிற இயந்திரம், நல்ல ஊரா பார்க்கட்டுமேன்னு."

மார்லா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பாட்டுக்குழு நினைவுக்கு வந்தது. அவர்கள் ஜெபக் கூட்டத்தில் வாத்தியம் கிடையாது, புத்தகம் கிடையாது. எல்லோரும் நெஞ்சிலிருந்துதான் பாட வேண்டும்.

"நம்ம ஃபெட்யா கசாகின் வரி மறந்துட்டா என்ன பண்ணுவார்?"

"அந்த ஆளா? மத்தவங்க குரலோட சேர்ந்து கூசாம ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு இழுப்பார். ராகம் தப்பாது. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"ரஸ்ஸலோட சித்திரக்காரனும் அதைத்தாம்மா பண்றான். வராத இடத்துல, தனக்குத் தெரிஞ்ச சொல்லைப் போட்டு இழுக்கறான். அவனுக்குப் புகைங்கற சொல்லே தெரியாது. நாம சொல்லிக் கொடுக்கல."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். போர்ஷ் ஓரமாகப் பொங்கி அடுப்பில் வழிந்தது. லூஷாவின் அடுப்பில் அப்படி வழிந்து மார்லா பார்த்ததில்லை.

"மலையில நிஜமாவே புகை வந்தா?"

"படத்துல வராது. துடைச்சுருவான்."

"நான் தூக்கி வீசினதாலயா?"

மார்லா பதில் சொல்வதற்குள் ரஸ்ஸல் உள்ளே வந்துவிட்டான். "சொல்லிட்டாளா? அம்மா, நீ ஒண்ணும் கவலைப்படாதே. இன்னைக்குக் காரியம் முடியட்டும், குளிர்காலத்துல சரிபண்ணிக்கலாம். நீ மன்றத்துக்கே வர வேண்டாம். வீட்டுல இரு. யாராவது கேட்டா தலைவலின்னு சொல்லிக்கறேன்."

"எனக்குத் தலைவலி இல்லையே."

"அம்மா, சொன்னா கேளு."

"கேட்டேன்." லூஷா அடுப்பை அணைத்தாள். "நான் பண்ணினதை நான் சொல்றதுக்கு என் வயித்துல பொறந்தவன்கிட்ட அனுமதி வாங்கணுமா? பானையைத் தூக்கு. மன்றத்துக்குக் கொண்டு போ. கீழே சிந்தினே, கொன்னுடுவேன்."

ரஸ்ஸல் பானையைத் தூக்கினான். அம்மா தூக்க விட்டதே அவனுக்கு ஆச்சரியம்.

அவன் லாரி வளைவைத் தாண்டியதும் அம்மா பின்கட்டுக்கு நடந்தாள். மார்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விறகுக் குவியலின் அடியில் கை விட்டு, மழையில் நனைந்திருந்த கட்டைகளாகப் பொறுக்கி எடுத்து, தோட்டத்து மூலையிலிருக்கும் நீராவிக் குளியல் வீட்டுக்குள் அம்மா சுமந்துபோனாள். கோடையில் வெளியே நெருப்பு மூட்டத்தான் தடை. குளியல் வீட்டு அடுப்புக்குத் தடை இல்லை. ஆனால் லுகோவோவில் குளியல் வீட்டில் சனிக்கிழமைதான் அடுப்பு எரியும். மற்ற நாளில் எரிந்தால் ஊர் வாயில் வம்பு எரியும்.

வேலிக்கு அப்பாலிருந்து போலினாவின் தலை எழும்பியது. "லூஷா! இன்னைக்கு வியாழக்கிழமை இல்ல? அப்படி என்ன அழுக்கு சேர்ந்துருச்சு?"

"நிறையச் சேர்ந்துருச்சு போலினா. சனிக்கிழமை வரைக்கும் தாங்காது."

"வயசான காலத்துல யாரை மயக்கக் குளிக்கறே?"

"உன் புருஷனைத்தான். ஏழு மணிக்கு அனுப்பி வை."

போலினாவின் தலை வேலிக்குப் பின்னால் மறைந்தது. மார்லா ஓடிப்போய்க் குளியல் வீட்டு வாசலில் நின்றாள். அம்மா மண்டியிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"கோதுமை மேட்டுக் கேமரா இந்தப் பக்கம்தானே பார்க்குது? அது கண்ணுல என் தோட்டம் படும்தானே? ரஸ்ஸல்தான் ஒருநாள் காட்டினான், என் கோழிக்கூடுகூடத் தெரிஞ்சுது." அம்மா இருமினாள். "மன்றத்து ஜன்னல்லேர்ந்து பார்த்தாலும் என் குளியல் வீடு தெரியும். நீ போ. பேச வேண்டியதை நீ பேசு. புகை போட வேண்டியதை நான் போடறேன்."

"உன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும்."

"என் பேரு அசிங்கமான பேரா என்ன? நம்ம ஜனங்க பொய்யைச் சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான் நாடு விட்டு நாடு வந்தாங்க. சூப்பு ஆறுறதுக்குள்ள போ."

மன்றத்தில் வாசல் மேஜையில் வழக்கம்போல வரவேற்பின் அடையாளமாக ரொட்டியும் உப்பும் தண்ணீரும் இருந்தன. ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். ஸ்லேட்டர் முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் போர்ஷைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருத்த மனிதர், நல்ல மனிதர், வாழ்நாளில் பாதியைத் தீயோடு கழித்தவர்.

ரஸ்ஸல் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினான். நன்றாகவே பேசினான். கோதுமை மேட்டுக் கேமராவின் படம் திரையில் விரிந்தது: மேடு, வீடுகள், அம்மாவின் தோட்டம்.

"இப்போ பாருங்க. ரேடியோவோட சக்தியைப் பத்துல ஒரு பங்காக் குறைக்கறேன். இடியும் மின்னலுமா இருந்தா எப்படி வருமோ, அப்படித்தான் இப்ப சிக்னல் வருது. படம் எப்படி இருக்கு?"

படம் அப்படியே பளபளவென்று இருந்தது. கை தட்டினார்கள். ஃபெட்யா கசாகின்தான் பலமாகத் தட்டினார். ரஸ்ஸல் தங்கையை ஒரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. மார்லாவுக்கு அந்தக் கெஞ்சல்தான் வலித்தது. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவன் அவன்.

இருந்தாலும் எழுந்தாள்.

"ஸ்லேட்டர், கொஞ்சம் ஜன்னல் வழியா பாருங்க."

"மார்லா, உட்காரு" என்றான் ரஸ்ஸல்.

"உட்கார மாட்டேன். எல்லாரும் பாருங்க. எங்க வீட்டுக் குளியல் வீடு தெரியுதா?"

தெரியாமல் எப்படி இருக்கும்? ஈரக் கட்டையின் புகை கொழுத்த தூணாக எழும்பி, ஆப்பிள் மரங்களுக்கு மேல் சாய்ந்து, பக்கத்து வீட்டுக் கூரையையே மறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வியாழக்கிழமை யார் குளிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு பின்வரிசை வரை போனது.

"இப்போ திரையைப் பாருங்க."

திரையில் அதே குளியல் வீடு, அதே புகைப்போக்கி, அதே ஆப்பிள் மரங்கள். மேலே துடைத்த வானம். ஒரு இழைப் புகை இல்லை.

ஸ்லேட்டர் ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு புகைப்போக்கி" என்றான் ரஸ்ஸல். குரல் ஏறியது. "இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இவளுக்கு என் மேல கோபம், அவ்வளவுதான்."

"கோபம்தான். இல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள் மார்லா. "ஆனா திரையில இருக்கறது என் கோபம் இல்ல, நீயும் நானும் சேர்ந்து பண்ணினது. இதுக்கு நாம புகையைக் காட்டி வளர்க்கல. புகை இருந்த படமெல்லாம்..."

அங்கே அவளுக்கு நா எழவில்லை. சொல்லிவிடத்தான் வந்தாள். அம்மாவே சொல்லச் சொன்னாள். ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் தூக்கிப் போட்டேன்."

வாசலில் லூஷா நின்றாள். கைகளில் கரி, நெற்றியில் கரி, தலைத்துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லாமல் பாட்டுக்குழுவின் முன்னால் நிற்பவள், அந்தக் கோலத்தில் மன்றத்தின் நடுவே நடந்து வந்தாள். வழக்கப்படி சபையைப் பார்த்துத் தலை வணங்கினாள்.

"கெட்ட படத்தை எடுன்னாங்க. எடுத்தேன். புகை வந்த நாளெல்லாம் எனக்குக் கெட்ட நாளாத்தான் பட்டுச்சு. நம்ம ஊரு அழகாத் தெரியணும்னு ஆசைப்பட்டேன். எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. சொல்லாம வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தா அதைவிட வெக்கமா இருந்திருக்கும். யாருக்காவது சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்கோங்க. அப்புறம் முதுகுக்குப் பின்னாடி வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. போலினா மட்டும் எழுந்து வந்து, தன் கைக்குட்டையை லூஷாவிடம் நீட்டினாள்.

ஸ்லேட்டர் எழுந்து நின்றார். முகத்தில் சாப்பிட்ட சந்தோஷம் இல்லை.

"அப்போ கரடி மேட்டு முகட்டுலேர்ந்து எங்களுக்கு வர்ற படம்?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன? அங்கே ஓட்டையோட படம் வர்ற பழைய முறைதானே?" என்றாள் மார்லா.

"பழைய முறையா? ஜூன் மாசத்துலேர்ந்து கரடி மேட்டுல இந்தச் சித்திரக்காரன்தானே வரையறான். ரஸ்ஸல்தான் போட்டுப் பாருங்கன்னு கொடுத்தான். உனக்குத் தெரியாதா?"

மார்லா அண்ணனைப் பார்த்தாள். ரஸ்ஸல் தரையைப் பார்த்தான். அவளுக்குத் தெரியாமல், அவள் எழுதிய நிரலை எடுத்து, தீக்காலத்தின் நடுவில் ஒரு முழு முகட்டின் கண்ணில் கட்டிவிட்டிருக்கிறான். அறைவதற்கு அங்கே கதவு இல்லாமல் போயிற்று. அவள் நேராகக் கம்ப்யூட்டருக்கு நடந்தாள்.

"அதுல கை வைக்காதே. அது மாவட்டத்தோட இணைப்பு. அனுமதி வேணும்" என்றான் ரஸ்ஸல்.

"வெச்சாச்சு."

திரையில் கரடி மேடு வந்தது. பச்சைக் காடு, கூரான பாறை, நீல வானம், காலண்டரில் அச்சடிக்கலாம் என்பது போன்ற அழகு. மார்லா ஒரு விசையைத் தட்டினாள். சித்திரக்காரன் போய்விட்டான். மேட்டின் அடிவாரத்தில் அங்கங்கே சில மரங்கள் மட்டும் நின்றன. அதற்கு மேலே முழுவதும் சாம்பல் கட்டங்கள்.

"என்ன இது? புகையா?" என்றார் ஸ்லேட்டர்.

"தெரியாது."

"தெரியாதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"மேல் பாதி வந்து சேரவே இல்ல. அங்கே என்ன இருக்குன்னு இந்த மன்றத்துல யாருக்கும் தெரியாது. காலையிலயும் தெரியாது, நேத்தும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஒரு படத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். இனிமே வராத இடம் சாம்பலாத்தான் இருக்கும். உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் சரி, இவனுக்குப் பிடிக்கலைன்னாலும் சரி. மறுபடி அதைப் போடணும்னா என்னைத் தாண்டித்தான் போடணும்."

ஸ்லேட்டர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்து, கரடி மேட்டுக்கு வண்டி அனுப்பச் சொன்னார். நேற்றைய இடிமழையில் அந்தப் பக்கம்தான் மின்னல் அதிகம் என்றும் சொன்னார். கூட்டம் கலையத் தொடங்கியது.

ரஸ்ஸல் நின்ற இடத்திலேயே நின்றான். சண்டைக்கு வருவான் என்று மார்லா எதிர்பார்த்தாள். அவன் காதில் கைபேசி இருந்தது. எடுத்துப் பார்த்தான், மறுபடி எண்ணை அழுத்தினான், மறுபடி காதில் வைத்தான்.

"யாரைக் கூப்பிடறே?" என்றாள் அம்மா.

"டீனாவை." டீனா அவன் மனைவி. "எடுக்க மாட்டேங்கறா. அங்கே சிக்னல் கிடைக்காது."

"எங்கே?"

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் காட்டுப்பழம் பறிக்கப் போயிருக்கா." அவன் திரையிலிருந்த சாம்பல் கட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கரடி மேட்டுக்கு."

மார்லாவின் கை அவன் சட்டையைப் பிடித்தது. "இடி இடிச்ச மறுநாளா? எப்படிப் போக விட்டே?"

"போகலாமான்னு என்கிட்டதான் கேட்டா" என்றான் ரஸ்ஸல். "படத்தைப் பார்த்துட்டுச் சொன்னேன். வானம் சுத்தமா இருக்கு, போயிட்டு வான்னு."